'பறங்கி' என்ற ஒரே சொல்: மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி மொழிபெயர்ப்பில் சந்தித்த சிக்கல் என்ன?

ஆனையூரில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு கிளையன்ட்டுடன் ஆன்லைன் மீட்டிங்கில் பேசும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடியுமா என்று மறுமுனையில் கேட்கிறார்கள். லைனில் இருக்கும் டீம் லீடர் தமிழில் சொல்வது ஒரே வார்த்தை: பார்க்கலாம். இதை இப்போது ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். முடியும் என்றா, முடியாது என்றா, முயற்சி செய்கிறோம் என்றா? யோசிக்க இரண்டு விநாடிதான். தப்பாகச் சொன்னால் டீம் லீடர் கொடுக்காத வாக்குறுதி அவர் தலையில் விழும்.

பெரிய மாநாடுகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒருவர் பேசப் பேசவே அதை இன்னொரு மொழியில் சொல்பவர்களுக்கு இதுதான் தினசரி வேலை. சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சொல்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். சீனத்தில் பெயர்ச்சொல்லுக்கு ஒருமை, பன்மை காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. சீன அரசுப் பேச்சுகளில் அடிக்கடி வரும் 'சம்பந்தப்பட்ட துறை' என்ற தொடர் ஒரு துறையா, பல துறைகளா என்பது பேசியவருக்கே வெளிச்சம். ஆங்கிலமோ ஒன்றா பலவா, நடந்ததா நடக்கப்போகிறதா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்கும். கூண்டுக்குள் இருப்பவர் பேச்சை நிறுத்திச் சந்தேகம் கேட்கவும் முடியாது.

மதுரையில் 400 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இதே சிக்கலில் மாட்டினார். அவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு விநாடி அல்ல, ஒரு வாழ்நாள். ஆனாலும் சிக்கல் தீரவில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதைக் கண்டுபிடித்ததுதான் அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. அவர் பெயர் ராபர்ட் டி நொபிலி. தமிழ்ப் பெயர் தத்துவ போதகர்.

'வேணும்' செய்த குழப்பம்

நொபிலியின் கதைக்கு முன்னால் ஒரு சின்னக் கதை தேவைப்படுகிறது.

1542-ல் பிரான்சிஸ் சேவியர் தூத்துக்குடி பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்து, மணி அடித்து ஊரைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரியவந்தது. கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் உட்கார்ந்திருந்தது. நம்பிக்கை அறிக்கை, விருப்ப அறிக்கையாக மாறிப் போயிருந்தது. இன்னோர் இடத்தில், கிறிஸ்து தாமே விரும்பிப் பாடுபட்டார் என்று வர வேண்டியது, வலுக்கட்டாயத்தால் பாடுபட்டார் என்பதுபோல் ஆகியிருந்தது. 1544-ல் தன் உடன் பணியாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் சேவியர் இரண்டையும் திருத்தச் சொன்னார். வேணும் என்பதற்குப் பதில் விசுவாசம் என்ற சொல் வந்தது.

யாரும் வேண்டுமென்று தப்பு செய்யவில்லை. தமிழில் வேணும் என்ற சொல் ஆசை, தேவை, கட்டாயம் என்று பல வேலைகளைச் செய்கிறது. துபாஷி ஒன்றை நினைத்துச் சொன்னார், கேட்டவர் இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

இது நடந்தது கடற்கரையில். 60 ஆண்டுகள் கழித்து மதுரையில் நடந்தது இதைவிடப் பெரிது.

யார் இந்த நொபிலி?

1577-ல் இத்தாலியில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் ரோமில் பெரும் செல்வாக்கோடு இருந்த கர்தினால் பெல்லார்மின் இவருக்கு உறவினர். வசதியான வாழ்க்கை காத்திருந்தும் இயேசு சபையில் சேர்ந்தார். 1604-ல் லிஸ்பனில் கப்பல் ஏறி, 1605 மே மாதம் கோவாவில் இறங்கினார். பிறகு கொச்சி. அடுத்து முத்துக்குளித்துறையில் சில மாதம் தமிழ்ப் பயிற்சி. 1606 நவம்பரில் மதுரை.

ஆனையூரும் கூடல்நகரும் சேர்ந்து வடக்கே விரிந்திருக்கும் இன்றைய மதுரையை மனதில் வைக்காதீர்கள். ஆனையூர் மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011-ல்தான். அன்றைய மதுரை கோட்டைக்குள் இருந்த ஊர். ஆட்சி நாயக்கர்களுடையது. அரண்மனையில் தெலுங்கு, தெருவில் தமிழ், சாஸ்திர விவாதத்தில் வடமொழி. ஒரே ஊருக்குள் மூன்று மொழி புழங்கியது.

அங்கே ஏற்கெனவே ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ். முன்னாள் போர்வீரர், வயதில் மூத்தவர். சுமார் 11 ஆண்டுகளாக மதுரையில் இருந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கும் பரதவர்களுக்கும், வியாபாரத்துக்கு வரும் போர்ச்சுகீசியர்களுக்கும் பூசை வைப்பார். ஆனால் மதுரைக்காரர்களில் அவர் பேச்சைக் கேட்டு மதம் மாறியவர்கள் இல்லை.

ஏன் என்ற கேள்விதான் 29 வயது நொபிலியின் முன்னால் நின்றது.

பறங்கி என்றால் மதமா, மனிதரா?

பதில் ஒரு சடங்குக் கேள்வியில் ஒளிந்திருந்தது. ஞானஸ்நானம் பெற வருபவரிடம், கிறிஸ்தவராக விருப்பமா என்று கேட்க வேண்டும். பெர்னாண்டஸ் பயன்படுத்திய தமிழில் அந்தக் கேள்வி, பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருளில் இருந்தது.

போர்ச்சுகீசியர் காதில் இது சரியான மொழிபெயர்ப்பு. பறங்கி என்று ஊரார் தங்களைத்தான் சொல்கிறார்கள், தாங்கள் கிறிஸ்தவர்கள், ஆகவே பறங்கி என்றால் கிறிஸ்தவர். கணக்கு சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

மதுரைக்காரர் காதில் விழுந்தது வேறு. ஐரோப்பியர்களைக் குறிக்கும் பிராங்க் என்ற பெயர் அரபு, பாரசீகம் வழியாக பரங்கி ஆகி, தமிழில் பறங்கி ஆனது. அது மதத்தின் பெயரே அல்ல. மாட்டிறைச்சி சாப்பிடுபவர், மது குடிப்பவர், ஆசாரம் பார்க்காதவர் என்று அன்றைய மேல்சாதியினர் இழிவாக நினைத்த அந்நியரைக் குறித்த சொல். கடற்கரையில் மதம் மாறியவர்களையும் அதே பெயரில் சேர்த்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்தக் கேள்வியின் நிஜப் பொருள் என்ன? உன் குடும்பம், உறவு, சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறொரு கூட்டத்தில் சேர்கிறாயா என்பதுதான். கடவுளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள் புதிய மதத்தை மறுத்தார்களா, பறங்கி ஆவதை மறுத்தார்களா? கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது.

சிக்கலே இங்கேதான். இரண்டு பக்கமும் ஒரே சொல்லைத்தான் பேசினார்கள். அதனால் தப்பு நடப்பதே யாருக்கும் தெரியவில்லை. தெரியாத சொல் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். தெரிந்த சொல் என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

வாசலில் தொங்கிய ஓலை

நொபிலி எடுத்த முடிவு கடுமையானது. பறங்கி என்ற சொல்லிலிருந்து தன் மதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு அகராதி எழுதினால் மட்டும் போதாது. தானே பறங்கி மாதிரி இருக்கக் கூடாது.

பெர்னாண்டஸ் வீட்டிலிருந்து தனியே போனார். கறுப்பு அங்கியை விட்டுக் காவி உடுத்தினார். காலில் மரப்பாதக்குறடு. இறைச்சி, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி சைவச் சாப்பாடு, அதுவும் ஒருவேளை. சிவதர்மர் என்ற பிராமண அறிஞரிடம் வடமொழி படித்தார், தெலுங்கும் கற்றார். ஐரோப்பியர்களில் வடமொழியை ஆழமாகக் கற்ற முதல் சிலரில் இவரும் ஒருவர்.

அவர் யார் என்ற கேள்வி ஊரில் கிளம்பியபோது, வீட்டு வாசலில் ஓலை ஒன்றை எழுதித் தொங்கவிட்டார். தான் பறங்கி அல்ல, பறங்கி நாட்டில் பிறந்தவனும் அல்ல, ரோமாபுரியில் ராஜகுலத்தில் பிறந்த சந்நியாசி என்பது அதன் சாரம்.

இதில் பொய் இருக்கிறதா? அவர் போர்ச்சுகீசியர் இல்லை, ரோமைச் சேர்ந்தவர்தான், துறவிதான். ஆனால் இத்தாலியப் பிரபு என்பதற்கு ராஜகுலம் என்று சொன்னது தமிழில் கொஞ்சம் உயர்த்திச் சொன்னதுதான். பறங்கி என்றால் ஐரோப்பியர் எல்லோரும் என்று எடுத்துக்கொண்டால் அவரும் பறங்கிதான். போர்ச்சுகீசியர் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் இல்லை. சொல்லின் இரண்டு பொருளில் தனக்குச் சாதகமானதை அவர் எடுத்துக்கொண்டார். எதிரிகள் இதை ஏமாற்று என்றார்கள். ஆதரவாளர்கள் விளக்கம் என்றார்கள். இரண்டு வாதத்துக்கும் இடம் கொடுத்தது அந்தச் சொல்லின் தெளிவின்மைதான்.

சொற்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்?

அடுத்தது பெரிய வேலை. கடவுள், அருள், ஆன்மா, வழிபாடு என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சொல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் இன்றும் பயன்படுத்தும் நான்கு வழிகள் அவர் முன்னால் இருந்தன.

முதல் வழி, மூலச் சொல்லையே அப்படியே எழுதிவிடுவது. கடற்கரையில் இதுதான் நடந்தது. சிலுவைக்குக் குருசு, பரிசுத்த ஆவிக்கு இஸ்பிரீத்து சாந்து. பொருள் மாறாது, சரி. ஆனால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. சில சமயம் வேறு ஏதாவது புரிந்துவிடும். போர்ச்சுகீசிய மொழியில் திருப்பலிக்கு மிசா என்று பெயர். தமிழ்க் காதில் அது மீசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இரண்டாவது வழி, ஊரில் புழங்கும் சொல்லையே எடுப்பது. நொபிலியின் மரபில் நிலைத்த பூசை, குரு, வேதம் எல்லாம் இப்படி வந்தவை. கேட்டதும் புரியும். ஆனால் பழைய பொருளும் கூடவே வரும். வேதம் என்றதும் ரிக், யஜுர், சாமம் ஞாபகத்துக்கு வருமே, அதைத் தடுக்க முடியாது.

மூன்றாவது வழி, இருக்கும் சொல்லோடு இன்னொன்றைச் சேர்த்துப் பொருளை இறுக்குவது. கடவுளுக்குக் கடற்கரையில் தம்பிரான் என்ற சொல் இருந்தது. 1578-ல் கொல்லத்தில் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அச்சிட்ட முதல் தமிழ்ப் புத்தகத்தின் பெயரே தம்பிரான் வணக்கம்தான். நொபிலி தன் எழுத்தில் நிலைநிறுத்தியது சர்வேசுரன். ஈசுவரன் என்று மட்டும் சொன்னால் மதுரையில் எல்லோரும் சொக்கநாதரைத்தான் நினைப்பார்கள். சர்வம் என்ற ஒட்டு, எல்லாவற்றுக்கும் இறைவன் என்று பொருளை விரித்தது. ஸ்நானம் தெரிந்த சொல். ஞானஸ்நானம் என்றால் அது வெறும் குளியல் இல்லை என்று தெரிந்துவிடும்.

நான்காவது வழி, ஒரு சொல்லால் முடியாததை உட்கார்ந்து விளக்குவது. ஆத்துமா என்றால் என்ன என்று சொல்ல அவருக்கு ஒரு சொல் போதவில்லை. ஆத்தும நிர்ணயம் என்று ஒரு நூலே எழுதினார். ஞானோபதேசம் பல காண்டங்களாக விரிந்தது. தமிழ் உரைநடையின் தொடக்க காலத்தைப் பேசுபவர்கள் இந்த நூல்களைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள்.

இந்தப் பாடத்தை அவர் மதுரையிலேயே கற்றார். வந்த புதிதில், பெர்னாண்டஸின் பள்ளியில் வேலை பார்த்த சைவ ஆசிரியர் ஒருவருடன் பல நாட்கள் மணிக்கணக்கில் விவாதித்தார். பதி, பசு, பாசம் என்ற சைவ சித்தாந்தச் சொற்களில் பேச்சு ஓடியது. தெருவில் பசு என்றால் மாடு. சித்தாந்தத்தில் பசு என்றால் கட்டுண்ட உயிர். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பது ஆளையும் சபையையும் பொறுத்தது. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது.

அதே சமயம் சீனாவில்

நொபிலி மட்டும் இந்த அவஸ்தையில் இல்லை. அதே இயேசு சபையைச் சேர்ந்த, அதே இத்தாலியரான மத்தேயோ ரிச்சி 1583-ல் சீனாவுக்குள் நுழைந்தார். முதலில் பௌத்தத் துறவி போல உடுத்தினார். அங்கே மதிப்புக் கிடைக்காததால், 1595 முதல் கன்பூசிய அறிஞர்களின் உடைக்கு மாறினார். 1610-ல் பெய்ஜிங்கில் இறந்தார்.

அவருக்குச் சிக்கல் கொடுத்த சொல் தியேன். சீனத்தில் இது வானம். விதி, இயற்கை ஒழுங்கு, மேலே இருக்கும் பெரும் சக்தி என்றெல்லாமும் பொருள் உண்டு. அதைக் கடவுள் என்று மொழிபெயர்க்கலாமா? பழைய சீன நூல்களில் வரும் ஷாங்தி, அதாவது மேலான அரசர், கிறிஸ்தவர் சொல்லும் கடவுள்தானா? வானத்தின் தலைவர் என்று பொருள்படும் தியேன்ச்சு என்ற சொல்லை ரிச்சி பயன்படுத்தினார். கூடவே பழைய இரண்டு சொற்களையும் அவர் ஒதுக்கவில்லை. சீனர்கள் ஏற்கெனவே மதிக்கும் சொற்கள் அவை. அவற்றின் வழியாகவே பேசினால் கேட்பார்கள் என்று நம்பினார்.

அவர் இறந்த பிறகும் சண்டை ஓயவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஐரோப்பாவில் இதைப் பற்றி வாதாடினார்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம், தியேன், ஷாங்தி இரண்டையும் தடைசெய்து, தியேன்ச்சு ஒன்றுக்கு மட்டும் அனுமதி தந்தது.

சர்வேசுரனும் தியேன்ச்சும் ஒரே மாதிரிச் செய்யப்பட்ட சொற்கள் என்பதைக் கவனியுங்கள். உள்ளூர்ச் சொல் ஒன்று, அதை இறுக்கும் இன்னொரு சொல். மதுரையிலும் பெய்ஜிங்கிலும் ஒரே சிக்கலுக்கு ஒரே மாதிரி விடைதான் கிடைத்திருக்கிறது.

பூணூல் என்ன சொல்கிறது?

நொபிலியின் வழியில் உயர்சாதியினர் சிலர் கிறிஸ்தவர் ஆனார்கள். அவர்கள் பூணூலையும் குடுமியையும் விடவில்லை. சந்தனம் பூசினார்கள். நொபிலி அனுமதித்தார்.

1610-ல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அவரைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளூர்ச் சடங்குகளைப் பற்றி 1616-ல் விரிவான நூல் ஒன்றையே எழுதியவர் அவர். பூணூல் போடும்போது மந்திரம் சொல்கிறார்கள், தெய்வங்களை அழைக்கிறார்கள், ஆகவே அது மத அடையாளம் என்பது அவர் வாதம். நொபிலி மறுத்தார். பூணூல் குலத்தையும் கல்வித் தகுதியையும் காட்டும் சமூக அடையாளம், ஐரோப்பாவில் பிரபுக்கள் அணியும் சின்னம் போன்றது என்றார். தன் வாதத்துக்கு ஆதரவாக மதுரை அறிஞர்களிடம் கையெழுத்திட்ட சாட்சியங்களும் வாங்கினார்.

இதுவும் பறங்கி சிக்கல்தான். அப்போது ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். இப்போது ஒரு நூலுக்கு இரண்டு பொருள். மதமா, சமூக வழக்கமா? ஐரோப்பிய மொழிகளில் இவை இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. மதுரையில் பூணூல் போட்டவரிடம் போய், இது உன் மதமா உன் வழக்கமா என்று கேட்டால், கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது. இரண்டும் சேர்ந்ததுதான் அது. ஆனால் ரோமுக்கு ஆமாம் அல்லது இல்லை என்று ஒரே பதில் வேண்டும்.

வழக்கு வளர்ந்தது. நொபிலியின் பணி சில ஆண்டுகள் முடங்கியது. அவர் இந்துவாகவே மாறிவிட்டார் என்ற செய்தி கேட்டு கர்தினால் பெல்லார்மினே வருந்தினார். விளக்கம் கிடைத்த பிறகு அவர் பக்கம் வந்தார். 1619-ல் கோவாவில் கூடிய கூட்டத்தில் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராக நின்றார்கள். விஷயம் ரோமுக்குப் போனது.

1623 ஜனவரி 31 அன்று போப் 15-ம் கிரகோரி ஆணை வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் அனுமதி. ஆனால் நிபந்தனை உண்டு. சிலை வழிபாட்டுச் சடங்கு எதுவும் அதோடு சேரக் கூடாது. பொருள் இரண்டாக இருந்தால், ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை வைத்துக்கொள் என்பதுதான் ரோமின் தீர்வு. காகிதத்தில் இது எளிது.

தொடாமல் விட்ட சொல்

அந்த ஆணையில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. குலப்பெருமை காரணமாக எளியவர்களை இழிவாக நினைக்க வேண்டாம் என்று ரோம் கேட்டுக்கொண்டது. அது எழுதப்பட்ட அளவுக்கு நடைமுறைக்கு வரவில்லை.

பறங்கிக் குலம் என்ற தொடரில் இரண்டு சொற்கள் இருந்தன. நொபிலி வாழ்நாள் முழுக்கப் போராடியது முதல் சொல்லோடு. இரண்டாவது சொல்லான குலத்தை அவர் அப்படியே விட்டுவிட்டார். சாதியைச் சமூக வழக்கம் என்ற பெட்டிக்குள் வைத்த பிறகு, அதைக் கேள்வி கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போனது. தன்னைப் பார்க்க வரும் உயர்சாதியினர் விலகிப் போய்விடக் கூடாது என்பதற்காக, பரதவர்களோடும் ஒடுக்கப்பட்ட மக்களோடும் வெளிப்படையாகப் பழகுவதைத் தவிர்த்தார்.

1640 வாக்கில் எல்லாச் சாதியினரிடமும் பழகக் கூடிய பண்டார சுவாமிகள் என்ற தனிப் பிரிவுப் பாதிரியார்கள் வந்தார்கள். பல்தசார் டா கோஸ்தா அவர்களில் முதல்வர். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் அது தனிக் கதவு. பின்னாளில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் கோவில்கள் பலவற்றில் சாதிக்கொரு இடம், நடுவில் தடுப்பு என்று ஆனது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் அப்படி ஒரு சுவர் 1910 வரை நின்றது. இதற்கெல்லாம் ஒரே காரணம் நொபிலி என்று சொல்ல முடியாது. சாதி அவருக்கு முன்பும் இருந்தது, கடற்கரைக் கிறிஸ்தவத்திலும் இருந்தது. ஆனால் அதை வெறும் வழக்கம் என்று மொழிபெயர்த்த வாதத்தைக் கூர்மையாகக் கட்டிக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

தெளிவில்லாத சொல்லை எடுத்துச் சொல்பவர் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். தேர்வு செய்வதில் தப்பில்லை. ஆனால் அதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். நொபிலியின் தேர்வுக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்த விவாதக் கூட்டங்களில் இடமே இல்லாதவர்கள்.

கடைசி ஆண்டுகள்

1623-க்குப் பிறகு நொபிலி திருச்சி, சேலம், சேந்தமங்கலம் என்று நடந்தார். 1640-ல் மதுரையில் சிறையில் அடைக்கப்பட்டார். திருமலை நாயக்கர் காலம் அது. பிறகு விடுதலையானார். வயதாக ஆகக் கண் பார்வை மங்கியது. பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, சொல்லச் சொல்ல எழுதவைத்தார். யாழ்ப்பாணத்தில் சில காலம் இருந்து, கடைசியில் மயிலாப்பூருக்கு வந்தார். 1656 ஜனவரி 16 அன்று, 78 வயதில் அங்கேயே இறந்தார்.

அவர் கட்டிய சமரசமும் நெடுநாள் நிற்கவில்லை. 1742-ல் சீன வழக்கங்கள் மீதும், 1744-ல் தென்னிந்திய வழக்கங்கள் மீதும் ரோம் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. 1778-ல் சுவிட்சர்லாந்தில் எசூர் வேதம் என்ற நூல் அச்சாகியது. பழமையான இந்திய நூல் என்று வால்டேர்கூட நம்பிய அது, உண்மையில் ஐரோப்பியப் பாதிரியார்களின் கைவேலை. எழுதியது நொபிலி என்றே பல காலம் பேசினார்கள். அவர் எழுதவில்லை என்று பிறகு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வேதம் என்ற சொல்லை இரண்டு பொருளில் புழங்கியவர் என்ற பெயர் இருந்ததால், பழி அவர் மேல் எளிதாக ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு மாநாட்டுக் கூண்டில் இருப்பவருக்கும், மீட்டிங்கில் பார்க்கலாம் என்பதை மாற்றிச் சொல்பவருக்கும் நொபிலியின் கதையில் எடுத்துக்கொள்ள ஒரு பழக்கம் இருக்கிறது. தெரிந்த சொல்தானே என்று தோன்றும் இடத்தில் ஒரு நொடி நின்று, கேட்பவர் காதில் இது என்னவாக விழும் என்று யோசிப்பது. பேசுபவர் தெளிவில்லாமல் சொன்னால், வாக்குறுதியாக மாற்றாமல் அதே அளவு தெளிவின்மையோடு கொடுப்பது. கேட்க வாய்ப்பிருந்தால் கேட்டுவிடுவது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால், அதனால் யாருக்குப் பாதிப்பு என்பதையும் சேர்த்துப் பார்ப்பது.

மதுரைக் காய்கறிக் கடையில் இன்று பறங்கி என்று கேட்டால் ஒரு காயை எடுத்துக் கொடுப்பார்கள். பறங்கிமலை, பறங்கிப்பேட்டை என்று ஊர்ப் பெயர்களில் அந்தச் சொல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. யாரையும் அது இழிவுபடுத்துவதில்லை. நொபிலி தொடாமல் விட்ட குலம் என்ற சொல் மட்டும் இன்னும் அப்படி அடங்கவில்லை.